வண்டூரின் விளக்கும் வளைகுடாவின் விலையும்

புது தில்லி: தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர் வண்டூர். 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுவே நுழைவாயில். 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் கொண்ட அப்பூங்காவின் பரப்பு 281 சதுர கி.மீ. பவளப்பாறைகளைக் காண ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. அப்படகுகளை நம்பியே ஊரின் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

அந்தப் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் மிகுந்ததால் பெருமளவில் வெளுத்தன. உலக அளவில் நான்காவது முறையாகப் பவளப்பாறைகள் வெளுத்து வருவதாக 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்தது. கடலை இவ்வாறு சூடாக்குவது உலகம் முழுவதும் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயும். அதே எண்ணெயில்தான் வண்டூரின் வீட்டு விளக்குகளும் பெரும்பாலும் எரிகின்றன. கப்பலில் வந்து இறங்கும் டீசலை எரித்து ஓடும் ஜெனரேட்டர்களே தெற்கு அந்தமானின் மின்சாரத்துக்கு இன்றும் முதன்மை ஆதாரம்.

பருவநிலைக் கொள்கை எரிசக்திச் சந்தையை எவ்வாறு மாற்றுகிறது, சந்தை அக்கொள்கையை எவ்வாறு வளைக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் பொதுவாக நிலக்கரிச் சுரங்கங்களையும் ராஜஸ்தானின் சூரிய மின் பூங்காக்களையும் நோக்குவர். ஆனால், சில பத்து மெகாவாட் மின்சாரமே தேவைப்படும் தெற்கு அந்தமானில் இக்கேள்வி மேலும் தெளிவாகத் தெரிகிறது. தில்லியில் வகுக்கப்படும் கொள்கைகள் எவையெவை அங்கு சென்று சேரவில்லை என்பதும் தெரிகிறது.

கட்டமைப்புக்கு வெளியே: நாட்டின் நிலப்பகுதி ஒரே மின் கட்டமைப்பில் இணைந்துள்ளது. 2008-ல் தொடங்கிய மின்சந்தையில் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் விலை நிர்ணயிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் காற்று குறைந்தால் சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரத்தை வாங்கலாம். காற்று மிகுந்தால் விற்கலாம். அந்தமானுக்கு இந்த வசதி இல்லை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் பதிக்கப்பட்ட தகவல்தொடர்பு வடம் 2020 ஆகஸ்டில் தீவுகளுக்குச் சென்று சேர்ந்தது. மின்வடம் சேரவில்லை. ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து கடலடி மின்வடம் கொண்டுசெல்லும் யோசனை மத்திய மின் துறையின் திட்டங்களில் இடம்பெற்றுள்ளது. ஆனால், 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட அந்த வடம் சிறிய மக்கள்தொகைக்குப் பெரும் செலவு வைக்கும்.

ஆகவே, மின்சாரச் சந்தைக்கு வெளியே உள்ள அந்தமான், எரிபொருள் சந்தைக்கு முழுமையாக உட்பட்டுள்ளது. இதன் பொருளை ஒரு எளிய கணக்கில் காணலாம். நல்ல நிலையில் உள்ள டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை மின்சாரம் தரும். டீசல் விலை லிட்டருக்கு 80 ரூபாய் என்று கொண்டால், ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் 20 முதல் 23 ரூபாய் வரை ஆகிறது. இயந்திரம், பராமரிப்பு, ஊழியர் ஊதியம், மின்கடத்தல் இழப்பு ஆகியவை தனி. லிட்டருக்கு 10 ரூபாய் உயர்ந்தால் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் உயரும்.

2022 மார்ச் மாதம், உக்ரைன் போரையடுத்து கச்சா எண்ணெய் விலை ஏறியபோது, மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு சுமார் 25 ரூபாய் உயர்த்தின. அந்த அளவிலான உயர்வு, டீசலில் தயாராகும் ஒவ்வொரு யூனிட்டின் மீதும் ஆறு முதல் ஏழு ரூபாயை ஏற்றக்கூடியது. நிலப்பகுதியில் பல இடங்களில் நுகர்வோர் ஒரு யூனிட்டுக்குச் செலுத்தும் முழுக் கட்டணமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

மானியம் மறைக்கும் விலை: இந்த விலை வண்டூரின் மீனவருக்கோ, படகு ஓட்டுநருக்கோ நேரடியாகத் தெரிவதில்லை. கோவா மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம், தில்லியை அடுத்த குருகிராமில் இருந்து தீவுகளுக்கான மின்கட்டணத்தை நிர்ணயிக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கான கட்டணம் உற்பத்திச் செலவில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியதை மத்திய பட்ஜெட்டிலிருந்து கிடைக்கும் நிதி ஈடுசெய்கிறது.

இதில் குறை காண இயலாது. தூரத்தில் பிறந்ததற்காக ஒரு குடிமகன் பிறரைவிட மூன்று மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்பது நியாயமாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளின் மக்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளத்திலிருந்து குடியமர்த்தப்பட்ட அகதிகள், ஆந்திரத்திலிருந்து சென்ற மீனவர்கள், ராஞ்சியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட வனத் தொழிலாளர்கள் என எளியவர்களாலேயே தீவுச் சமூகம் உருவானது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. டீசலை வாங்க முடிவெடுப்பவர் ஒருவர். அதற்குப் பணம் தருபவர் வேறொருவர். மின்துறையை நடத்துவது தீவு நிர்வாகம். நிதி வழங்குவது மத்திய அரசு. டீசல் விலை ஏறினால் மானியம் ஏறுகிறது. இறங்கினால் மானியம் இறங்குகிறது. விலை உயர்வின் அழுத்தம், மாற்று வழியைத் தேட வேண்டிய பொறுப்பில் உள்ள எவர் மீதும் முழுமையாக விழுவதில்லை. சந்தை விடுக்கும் எச்சரிக்கை, செல்ல வேண்டிய முகவரிக்குச் செல்லாமல் கணக்கேட்டில் தங்கிவிடுகிறது.

மேலும் ஒரு முரண்பாடும் உண்டு. டீசல் மீது கலால் வரி விதிப்பது மத்திய அரசு. டீசலில் தயாராகும் மின்சாரத்துக்கு மானியம் தருவதும் மத்திய அரசு. 2020 மே மாதம் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்திருந்தபோது, டீசல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தப்பட்டது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் முறையே 10 ரூபாயும் 6 ரூபாயும் குறைக்கப்பட்டது. வருவாயை முன்னிட்டே இவ்வரி ஏற்றவும் இறக்கவும் படுகிறது. பருவநிலைக் கொள்கையின் கருவியாக அது ஒருபோதும் வடிவமைக்கப்படவில்லை.

கொள்கை உருவாக்கிய சந்தை: நிலப்பகுதியில் கதை வேறு. அங்கு கொள்கை சந்தையை உருவாக்கியது. சந்தை கொள்கைக்குத் துணிவூட்டியது. 2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்சக்தி இயக்கம் தொடங்கப்பட்டபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்ற இலக்கே மிகையானதாகக் கருதப்பட்டது. அப்போது சூரிய மின்சாரத்துக்கு மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய்க்கும் மேல். ஏலமுறை வந்தது, ஜெர்மனி அளித்த ஊக்கத்தாலும் சீனா பெருக்கிய உற்பத்தியாலும் சூரியத் தகடுகளின் விலை சரிந்தது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு என ஏல விலை இறங்கியது.

இவ்விலைச் சரிவு இல்லாமல், 2030-க்குள் 500 கிகாவாட் புதைபடிவம் சாரா மின்திறன், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்திருக்க இயலாது. மொத்த மின்திறனில் பாதியைப் புதைபடிவம் சாராத வழிகளில் பெறுவது என்ற 2030-க்கான உறுதிமொழியை, ஐந்து ஆண்டுகள் முன்னதாக 2025 ஜூனிலேயே நாடு எட்டியது.

அதேசமயம் சந்தை கொள்கையைப் பின்னுக்கு இழுத்ததும் உண்டு. 2022 கோடையில் வெப்ப அலையும் நிலக்கரித் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தபோது, மின்சந்தையில் யூனிட் விலைக்கு 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்க நேரிட்டது. மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் முழுத் திறனில் இயங்க உத்தரவிடப்பட்டது. ஐரோப்பாவிலும் எரிவாயு விலையேற்றத்தால் ஜெர்மனி நிலக்கரி நிலையங்களை மீண்டும் இயக்கியது. இந்தியாவின் மின்திறனில் பாதி தூய வழிகளில் வந்தாலும், உற்பத்தியாகும் யூனிட்டுகளில் பெரும்பங்கை நிலக்கரியே இன்னும் தருகிறது. கைவிட முடியாத நேரத்தில் கையில் இருக்கும் எரிபொருளையே அரசுகள் நாடுகின்றன என்பதே 2022 தந்த பாடம்.

எட்டாத கருவிகள்: நிலப்பகுதியில் பயன்பட்ட கொள்கைக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல வண்டூரை எட்டவில்லை என்பது புலனாகும்.

2010-ல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-ல் 400 ரூபாயாக உயர்ந்த தூய எரிசக்தி வரி, நிலக்கரிக்கு மட்டுமே உரியது. அதுவும் 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரியின் இழப்பீட்டுத் தீர்வையில் கரைந்து, 2025 செப்டம்பரில் அத்தீர்வையும் நீக்கப்பட்டது. 2023-ல் அறிவிக்கப்பட்ட கரிம வர்த்தகத் திட்டம் சிமென்ட், அலுமினியம் போன்ற தொழில்களை முதற்கட்டமாக உள்ளடக்கியது. மின் நிலையங்கள் அதில் சேர்க்கப்படவில்லை.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் குறிப்பிட்ட அளவு கொள்முதல் செய்யும் கடமை மின் விநியோக அமைப்புகள் மீது சுமத்தப்பட்டுள்ளது. ஆனால், அக்கடமையைச் சான்றிதழ் வாங்கியும் நிறைவேற்றலாம் என்பது விதி. கர்நாடகத்தில் சுழலும் காற்றாலையின் சான்றிதழை வாங்கினால் ஏட்டில் கடமை முடிந்துவிடும். அந்தமானில் எரியும் டீசல் ஒரு லிட்டர்கூடக் குறையாது. கட்டமைப்பால் இணைந்த பகுதிக்குப் பொருத்தமான விதி, தனித்த தீவில் பொருளற்றுப் போகிறது.

இதற்கு மாறாக, நேரடி முதலீடு பலன் தந்துள்ளது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அகழ்ந்து மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிய மத்திய அரசின் என்எல்சி நிறுவனம், தெற்கு அந்தமானின் அட்டம் பஹாட், டோலிகஞ்ச் ஆகிய இடங்களில் மொத்தம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையங்களை 8 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்புடன் அமைத்து 2020-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கரச்சர்மாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2013 முதல் இயங்கியது. வடக்கு அந்தமானில் கல்பாங் ஆற்றின் மீது 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் உள்ளது. பகலில் டீசலைக் குறைக்க இவை உதவுகின்றன. எனினும் மேகம் சூழும்போதும் சூரியன் மறைந்த பின்னரும் டீசலே கைகொடுக்கிறது. எட்டு மெகாவாட் மணி சேமிப்பு, மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யப் போதுமானது; இரவைக் கடக்கப் போதாது.

எரிவாயு எனும் குறுக்குவழி: இந்நிலையில் டீசலுக்குப் பதிலாகத் திரவ இயற்கை எரிவாயுவைக் கொண்டுவரும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த ஹோப் டவுனில் 50 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் அமைக்கும் திட்டத்தை என்டிபிசி முன்வைத்தது. கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுடன், எரிவாயுவையும் சூரிய சக்தியையும் கொண்டு இயங்கும் 450 எம்விஏ மின் நிலையமும் திட்டமிடப்பட்டுள்ளது. அத்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. சுமார் 130 சதுர கி.மீ. வனநிலம் அதற்காக மாற்றப்படுவது கடும் விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது.

டீசலைவிட எரிவாயு தூய்மையானது என்பது உண்மை. ஆனால் விலை குறித்த கேள்வி அப்படியே இருக்கிறது. ஆசியச் சந்தையில் 2020-ல் பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு சுமார் 2 டாலர் அளவுக்கு வீழ்ந்த திரவ எரிவாயு விலை, 2022-ல் 60 டாலரைத் தாண்டியது. அத்தகைய ஏற்றத்தைப் பெரிய நாடுகளே தாங்கவில்லை. அந்தமானுக்குத் தேவைப்படும் சிறு அளவுக்கெனத் தனிக் கப்பல், தனிச் சேமிப்புக் கிடங்கு, தனி இறங்குதளம் ஆகியவை வேண்டும். அவற்றின் செலவை மீட்க இருபது ஆண்டுகளுக்கு மேல் எரிவாயுவையே நம்பியிருக்க நேரிடும்.

நிலப்பகுதியின் அனுபவமும் எச்சரிக்கையாக உள்ளது. உள்நாட்டு எரிவாயு கிடைக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட நிலையங்கள், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் உற்பத்தி சரிந்ததும் முடங்கின. 2015-ல் 14,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நிலையங்களை இயக்க இறக்குமதி எரிவாயுவுக்கு மானியம் அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்கிடையே அந்தமான் கடலே எரிபொருள் தேடலின் களமாகியுள்ளது. முன்னர் தடைசெய்யப்பட்டிருந்த கடற்பரப்பின் பெரும்பகுதி 2022-ல் எண்ணெய்த் தேடலுக்குத் திறந்துவிடப்பட்டது. 2025 செப்டம்பரில், அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில் ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரியவந்ததாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் அறிவித்தது. வணிக ரீதியாக எடுக்கத்தக்க அளவு உள்ளதா என்பது மேலும் ஆய்வுகளுக்குப் பின்னரே தெரியும். கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் இடையே பொதுவாகப் பல ஆண்டுகள் கழியும். அதற்குள் முடிவெடுக்க வேண்டிய மின்தேவையை அந்த நம்பிக்கையின் மீது கட்டுவது சரியாகாது.

உண்மையான தடைகள்: சூரிய சக்தி மட்டுமே விடை என்று எளிதாகக் கூறிவிடவும் முடியாது. தீவுகளின் நிலப்பரப்பில் மிகப் பெரும்பகுதி காடு. ஆண்டுக்கு சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது, மே முதல் ஆண்டின் பிற்பகுதி வரை வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். சமவெளியான நிலம் அரிது. இருந்த வயல்களிலும் ஒரு பகுதியை 2004 சுனாமி பறித்தது. அன்றைய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்ததால் சிப்பிகாட் போன்ற இடங்களின் நெல்வயல்களுக்குள் கடல் புகுந்தது. வண்டூர்க் கரையிலும் கடல் முன்னேறியது. அதைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் தாழ்ந்த கரைக்கு இனி ஏறும் கடல்மட்டம் கூடுதல் ஆபத்து என்பதில் ஐயமில்லை.

மற்றொரு உண்மையும் கவனிக்கத்தக்கது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே அந்தமானின் டீசல் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ வாயுவை உமிழ்கிறது. நிலக்கரியையே பெரிதும் நம்பியுள்ள தேசியக் கட்டமைப்பின் சராசரியும் ஏறக்குறைய அதுவே. எனவே, தீவுகளை உலகத்துக்குத் தீங்கு செய்பவையாகச் சித்திரிப்பதற்கு இடமில்லை. தீவுகள் முழுவதும் டீசலைக் கைவிட்டாலும் பவளப்பாறைகளின் வெப்பம் குறையாது. டீசலைக் கைவிடுவதற்கான முதற்காரணம் அதன் விலை. அதைவிட, அந்த விலையின் நிலையாமை.

இங்கேதான் சந்தை இப்போது கொள்கைக்குச் சாதகமாகத் திரும்பியுள்ளது. 2022-ல் நடந்த ஏலத்தில் ஒரு மெகாவாட் பேட்டரித் திறனுக்கு மாத வாடகை 10 லட்சம் ரூபாய்க்கும் மேல் கோரப்பட்டது. 2025-ல் அது சுமார் 2 லட்சம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2024-ல் நிலப்பகுதியில் சேமிப்புடன் கூடிய சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் மூன்றரை ரூபாய்க்கு ஏலம் போனது. கப்பல் கூலி, உப்புக்காற்று, புயல், மலைநிலம் ஆகியவற்றால் அந்தமானில் அச்செலவு மும்மடங்கு ஆனாலும்கூட, டீசலுக்கான எரிபொருள் செலவில் ஏறக்குறைய பாதியே ஆகும். முக்கியமாக, அந்த விலை ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாது. ஹோர்முஸ் நீரிணையில் என்ன நிகழ்ந்தாலும் வண்டூரின் மின்செலவு உயராது.

தில்லியின் பொறுப்பு: சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம் அது, மக்களவையில் ஓர் இடமே உண்டு. தீவுகளின் மின் எதிர்காலத்தை உள்துறை, மின்துறை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, பெட்ரோலியம், சுற்றுச்சூழல் ஆகிய ஐந்து அமைச்சகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று மானியம் தர, ஒன்று சூரியத் தகடுகளுக்கு உதவ, ஒன்று கடலில் எரிவாயு தேடுகிறது. எரிபொருள் விலை ஏறும் அபாயத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் பதிலளிக்க வேண்டிய பொறுப்பு எதற்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை.

அதற்கான வழி கடினமானதல்ல. டீசலுக்கென ஆண்டுதோறும் தரப்படும் ஈட்டுத்தொகையின் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி செய்து, அதை மின்சேமிப்பு, கூரைமேல் சூரிய மின்சக்தி ஆகியவற்றுக்கான கொள்முதல் ஒப்பந்தங்களாக மாற்றலாம். கட்டணத்தை உயர்த்தத் தேவையில்லை. தீவு நிர்வாகம் டீசலைக் குறைத்தால் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அந்நிர்வாகமே வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தால், விலை தரும் எச்சரிக்கை உரிய முகவரியைச் சென்றடையும். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கடமையைத் தீவுகளில் சான்றிதழ் மூலம் நிறைவேற்றக் கூடாது என்று திருத்தினால், அது ஏட்டிலிருந்து ஜெனரேட்டருக்கு இறங்கும். மழைக்காலத்துக்கெனச் சில டீசல் ஜெனரேட்டர்களை நிறுத்திவைப்பதில் தவறில்லை. அவை துணையாக நிற்க வேண்டும். தலைமை வகிக்கக் கூடாது.

ஜாலி பாய்க்குச் செல்லும் பயணிகள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுசெல்லக் கூடாது என்ற விதி வண்டூர் படகுத்துறையில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கடலைக் காக்கத் தன்னால் இயன்றதை அந்த ஊர் செய்கிறது. தன் மின்சாரம் எதிலிருந்து வர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த ஊருக்கு இல்லை. அது தில்லியில் உள்ளது. அடுத்து கையெழுத்தாகப் போவது எரிவாயுக் கப்பலுக்கான ஒப்பந்தமா, பேட்டரிக்கான ஒப்பந்தமா என்பதைப் பொறுத்தே, அடுத்த எண்ணெய் நெருக்கடியின்போது தீவுகளின் விளக்குகளுக்கு யார் எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்பது முடிவாகும்.